சங்ககிரியிலிருந்து நாமக்கல்லுக்கு, ஒரே ஒரு பாட்டோடு

கோயில், கோட்டை, அணைக்கட்டு என்று எழுதிவந்த இந்த வலைப்பதிவில் இம்முறை ஒரு கல்லூரித் தேர்வுக்குப் போய்வந்த கதையை எழுதுகிறேன். பார்க்கத் தகுந்த இடம் எதுவும் இதில் இல்லை. ஆனாலும் பிள்ளையையோ பேத்தியையோ நாடகப் பாட்டுத் தேர்வுக்கு அழைத்துப்போக இருக்கும் யாருக்காவது உதவலாம். உதவுமா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. இரண்டு முறை எழுதி அழித்துவிட்டு மூன்றாவது முறையாக எழுதுகிறேன்.

நான் ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். சூரமங்கலத்தில் தனியாக இருக்கிறேன். ஒரே மகளைச் சங்ககிரியில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு இரண்டு லாரி ஓடுகிறது. அவர்கள் மகள் பிருந்தா இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்தாள். நாமக்கல்லுக்கு அப்பால் ஒரு கல்லூரியில் இசை நாடகத்துக்கென்று பட்டப்படிப்பு தொடங்கியிருக்கிறார்கள். அதில் சேர வேண்டும் என்பதுதான் இரண்டு வருடமாக அவள் பேச்சு. இடங்கள் குறைவு. மதிப்பெண்ணோடு ஒரு பாட்டுத் தேர்வும் உண்டு. ஒரே பாட்டு, இரண்டு நிமிடம். வெறுமனே பாடினால் போதாது, நாடகப் பாத்திரமாகவே நின்று பாட வேண்டும்.

மாப்பிள்ளை ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். "ஒரே தடவைதானுங்க மாமா. கெடச்சா போகட்டும். இல்லைன்னா திருச்செங்கோட்டுல பார்மசி சீட்டுச் சொல்லி வெச்சிருக்குது, அதுல சேந்துக்கோணும்." நியாயமான மனிதர்தான். பிருந்தாவும் சரி என்று சொல்லிவிட்டாள். அழைத்துப்போகும் வேலையும், பாட்டைத் தேர்ந்தெடுக்க உதவும் வேலையும் என்னிடம் வந்தன. படித்தவர், நிதானமானவர் என்பது அவர்கள் எண்ணம்.

பிருந்தாவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் திருச்செங்கோட்டில் திருவிழா நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். அவரிடம் அவள் பத்துப் பாட்டுக்கு மேல் கற்றிருந்தாள். ஒவ்வொன்றாகக் கழித்து இரண்டில் வந்து நின்றோம். ஒன்று, காட்டில் குழந்தையைத் தொலைத்த ராணி அழுது பாடும் பாட்டு. மெதுவான நடை, நீண்ட மூச்சு, உச்சத்தில் ஓர் இழுப்பு. மற்றது பபூன் பாட்டு, நாடகத்தில் கோமாளி பாடுவது. சந்தையில் ஓர் ஆட்டுத் தரகன் நொண்டி ஆட்டை ஒருவர் தலையில் கட்டப் பார்ப்பது.

"மூணு காலு போதுமுங்க முன்னே போறதுக்கு – நாலாங்
காலு எதுக்கு மாமா, நடையைக் கெடுக்கறதுக்கு?"

என்று தொடங்கும். தரகன், வாங்க வந்தவன், ஆடு என்று மூன்று குரலையும் பிருந்தாவே பாடுவாள். ஆட்டுக்குப் பாட்டில் வார்த்தை கிடையாது, ஒரு கனைப்பு மட்டும்தான். அந்தக் கனைப்பில் ஆடு தன் விலையைக் கேட்டு வெட்கப்படுவது தெரியும். எப்படிச் செய்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

எதைப் பாடலாம் என்று ஆர்மோனியக்காரரிடம் கேட்டபோது, "எதப் பாடுனாலும் நமக்கு அதே பொட்டிதானுங்க" என்று சிரித்துவிட்டார். நான் என் வழக்கப்படி ஒரு தாளில் கட்டம் போட்டு, குரல் எட்டும் உயரம், மூச்சு, நேரம், நடிப்புக்கு இடம், பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்களா என்றெல்லாம் மதிப்பெண் கொடுத்தேன். இரண்டும் சமமாக வந்தன. மறுபடி போட்டேன், மறுபடியும் சமம். சமமாக வரும்படி நானேதான் போட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

பயணத்துக்கு வருகிறேன். தேர்வு சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை மதியம் சூரமங்கலத்தில் இருந்து நகரப் பேருந்தில் சேலம் புதிய பேருந்து நிலையம் போய், ஈரோடு பேருந்தில் ஏறினேன். சங்ககிரிக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். ரயிலும் இருக்கிறது. ஆனால் சங்ககிரி நிலையம் ஊருக்குள் இல்லை, இறங்கி ஆட்டோவுக்கு அலைய வேண்டும். பேருந்தே மேல். வெயில் நேரமென்றால் வலது பக்க இருக்கையைத் தவிருங்கள். மதியத்துக்கு மேல் அந்தப் பக்கம் முகத்தில் அடிக்கும்.

சங்ககிரியில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது மலையும் கோட்டையும் என்று பயணக் கட்டுரைகளில் எழுதுவார்கள். எனக்கு எப்போதும் முதலில் படுவது லாரிதான். பாடி கட்டும் பட்டறைகளில் வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் போனதும் பிருந்தா கேட்டாள்:

"தாத்தா, முடிவு பண்ணிட்டீங்களா?"

"ரெண்டும் நல்லாத்தாம்மா இருக்குது."

"அதத்தான் ஒரு மாசமாச் சொல்றீங்க. உங்களுக்கு எது புடிச்சிருக்குதுங்க?"

"எனக்குப் பிடிக்கிறது முக்கியமா? தேர்வு பண்றவங்களுக்கு எது பிடிக்கும்னு யோசிக்கணும்."

மாப்பிள்ளை சட்டையை மாட்டிக்கொண்டே, "பொம்பளப் புள்ள பபூன் வேசமா? ஆடு மாதிரிக் கத்தறதுக்கா நாமக்கல்லு வரைக்கும் போகோணும்? நம்ம பட்டியிலயே கத்தலாமே" என்றார். கேலியாகத்தான் சொன்னார். பிருந்தாவும் சிரித்தாள். "பட்டியில மார்க் போட ஆளில்லீங்கப்பா" என்றாள். அவள் எதைப் பாட விரும்புகிறாள் என்று அப்போதுகூட நான் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பதிலுக்கு நான் பொறுப்பாகிவிடுவேன் என்ற பயம் இருந்திருக்க வேண்டும்.

கேட்பதற்குப் பதில் நான் சொன்னது இது: "பேசாம சாமிகிட்டப் பூக் கேட்டுருவோமா?"

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் ஒரு முடிவுக்கு வர முடியாதபோது குலதெய்வத்திடம் பூக் கேட்பது வழக்கம். சிவப்புப் பூவைத் தனியாகவும் வெள்ளைப் பூவைத் தனியாகவும் ஒரே மாதிரிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி காலடியில் போடுவார்கள். எந்தப் பூவுக்கு எந்த முடிவு என்று முன்பே மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். எது எதில் இருக்கிறது என்று தெரியாத ஒருவர் ஒன்றை எடுத்துக் கொடுப்பார். அதில் இருப்பதுதான் சாமியின் உத்தரவு. கலியாணம், கிணறு வெட்டுவது, லாரி வாங்குவது எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். ஒன்றே ஒன்றுதான் விதி. கேட்டுவிட்டால் மீறக்கூடாது. அதற்கு மனமில்லை என்றால் கேட்கவே கூடாது.

மாப்பிள்ளைக்கு என் யோசனை மிகவும் பிடித்துப்போயிற்று. "மாமாதானுங்க சரியாச் சொன்னாரு" என்றார். அந்த வீட்டில் நான் சொன்ன எதற்கும் இவ்வளவு உடனடியாகச் சம்மதம் கிடைத்ததில்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கோயில் சங்ககிரிக்கு மேற்கே ஆறு கிலோமீட்டர். மரவள்ளிக் காட்டுக்கு நடுவே ஒரு வேப்பமரம், தகரக் கூரை, சின்ன மதில். பேருந்து கிடையாது, மாப்பிள்ளையின் காரில் போனோம். வெள்ளிக்கிழமை என்பதால் பூசாரி இருந்தார். சிவப்பு என்றால் ஆட்டுத் தரகன், வெள்ளை என்றால் ராணி என்று நானும் பிருந்தாவும் பேசிக்கொண்டோம். பூசாரி இரண்டு பொட்டலத்தையும் வாழைநாரில் கட்டி, கையில் குலுக்கிக் காலடியில் வைத்தார். கும்பிட வந்திருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, "அம்மிணி, கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணை எடுங்க" என்றார். அவர் எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தார்.

"வெள்ளைங்க" என்றார் பூசாரி, பிரித்துப் பார்த்து. "நல்ல உத்தரவு. வெள்ளைன்னா தெளிவு."

நான் அந்த நேரம் பூவைப் பார்க்காமல் பிருந்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நொடிதான். சாப்பிட உட்கார்ந்தவள் முன்னால் இருந்து இலையை எடுத்தது போல இருந்தது. அடுத்த நொடி கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. என் கட்டம் போட்ட தாளில் கிடைக்காத பதில். ஆனால் உத்தரவு அதற்குள் வாங்கியாகிவிட்டது. பூசாரியின் தட்டில் காசு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்குச் சங்ககிரி பேருந்து நிலையத்தில் இருந்தோம். திருச்செங்கோடு பன்னிரண்டு கிலோமீட்டர். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, எனக்கு மட்டும் பன்னிரண்டு ரூபாய். நடத்துநர் என்னிடம் சீட்டைக் கொடுத்துக்கொண்டே, "ஏனுங்கய்யா, பேத்தி முந்தானையப் புடிச்சுக்கிட்டு வந்திருந்தா உங்களையும் கணக்குல சேத்திருப்பேன்ல" என்றார். பிருந்தா சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான்.

திருச்செங்கோட்டில் இறங்கி நாமக்கல் பேருந்துக்கு இருபது நிமிடம் நின்றோம். ஊர் எல்லையில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகள் வரிசையாக நின்றன. அடுத்த கட்டம் முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இந்தப் பேருந்தில் இருவருக்கும் சீட்டு எடுக்க வேண்டும். வழியில் கோழிப்பண்ணை நாற்றம் வரும். ஜன்னலை மூடினால் வெக்கை, திறந்தால் நாற்றம். எது பரவாயில்லை என்பது அவரவர் விருப்பம்.

எலச்சிபாளையம் தாண்டி ஓர் ஆட்டு மந்தை சாலையைக் கடந்தது. ஓட்டுநர் நிறுத்தினார். பிருந்தா ஜன்னலில் சாய்ந்து மந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தொண்டையில் இருந்து மெல்ல அந்தக் கனைப்பு வந்தது. ஓர் ஆடு நின்று திரும்பிப் பார்த்தது, உண்மையாகவே. உடனே அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். விரத நாளில் மறந்துபோய் எதையோ வாயில் போட்டவள் போல என்னைப் பார்த்தாள். "பரவால்லம்மா" என்று நான் சொல்லியிருக்கலாம். "தண்ணி குடி, தொண்டை காயாம இருக்கும்" என்றேன்.

நாமக்கல்லில் பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே மாறிவிட்டது. பழைய நினைவில் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். அங்கிருந்து கல்லூரிக்கு ஆட்டோவில் இருபது நிமிடம். ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். தேர்வு பத்துக்கு. காத்திருந்த கூடத்தில் முப்பது பேராவது இருப்பார்கள், பெரும்பாலும் பெண்கள். ராசிபுரத்தில் இருந்து மகளோடு வந்திருந்த ஓர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க புள்ள என்ன பாட்டுங்க?"

"ராணி பாட்டு. அழுகைப் பாட்டு."

"எங்களுதும் அழுகைதானுங்க. அந்தா அந்தப் புள்ள, அதுவும் அழுகை. பொட்டப் புள்ளைக எல்லாம் காலங்காத்தால வந்து வரிசையா நின்னு அழுகப்போகுது. கேக்கறவங்க பாவமுங்க" என்று சொல்லி அவரே சிரித்தார். உச்சத்தில் உள்ள இழுப்பு, மூச்சு, உயரம் என்று பார்த்த நான், மற்றவர்கள் என்ன பாடுவார்கள் என்று ஒரு கட்டம் போடவே இல்லை.

பெற்றோர் பின்வரிசையில் உட்காரலாம், பேசக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தது. பிருந்தாவுக்கு முன்னால் பாடிய பெண்களில் பாதிப் பேருக்கு மேல் யாரையோ தொலைத்துவிட்டு அழுதார்கள். குழந்தை, கணவன், அண்ணன். தேர்வு செய்பவர்களில் நடுவில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அழுகையினால் அல்ல.

பிருந்தா நன்றாகத்தான் பாடினாள். ஒரு பிசகும் இல்லை. குரல் ஆர்மோனியத்தோடு சேர்ந்து நின்றது, இழுப்பும் சரியாக விழுந்தது. ஆனால் அது பிருந்தா இல்லை. தேர்வுக்கு வந்த ஒரு நல்ல பெண்.

பேராசிரியர் அம்மாள் பேனாவை மூடி வைத்தார். "குரல் நல்லா இருக்கும்மா. காலையில இருந்து எல்லாரும் அழுதுட்டீங்க. சிரிக்கிற மாதிரி ஏதாவது வெச்சிருக்கியா? ஒரு நிமிஷம் போதும்."

இப்படி ஒரு கதவு திறக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிருந்தா வாயைத் திறந்தாள். பிறகு மெல்லத் திரும்பிப் பின்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாள்.

பேசக்கூடாது என்றுதான் எழுதி ஒட்டியிருந்தது. தலையசைக்கக்கூடாது என்று எழுதவில்லை. ஆனால் உத்தரவை மீறினால் நாளைக்கு அந்த வீட்டில் ஏதாவது ஒன்று நடந்தால், லாரிக்கு ஒன்று ஆனால், யார் சொல்லி மீறினாய் என்று கேட்பார்களே என்று நினைத்தேன். மடியில் இருந்த பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லைங்க மேடம்" என்றாள் பிருந்தா.

"ஒண்ணும் இல்லையா?"

"இல்லைங்க."

"சரிம்மா. அடுத்து."

மதியம் மூன்றரைக்குப் பட்டியல் ஒட்டினார்கள். அவள் பெயர் இல்லை. நான் கீழிருந்து மேலாக ஒரு முறை, மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தேன். அவள் ஒரு முறைதான் பார்த்தாள். ராசிபுரத்துப் பெண்ணின் பெயரும் இல்லை. அந்த அம்மா, "அடுத்த வருசம் பாத்துக்கலாம் சாமி" என்று தன் மகளின் தலையைத் தடவிக் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த வருடம் என்ற அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். மாப்பிள்ளையிடம் எப்படிக் கேட்பது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று திரும்பும் வழி முழுவதும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். பிருந்தாவுக்குத் திருச்செங்கோட்டில் தேநீர் வாங்கிக் கொடுத்தேன், குடித்தாள்.

சங்ககிரியில் மாப்பிள்ளை வண்டியோடு நின்றிருந்தார்.

"என்னாச்சு கண்ணு?"

"வரலீங்கப்பா."

அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. பிறகு மகளின் தோளைத் தட்டினார். "உடு. சாமி குடுத்த பாட்டைத்தானே பாடுனே? அதையே பாடியும் கெடைக்கலைன்னா சாமிக்கே இஷ்டமில்லைன்னு அர்த்தம். இனி அதப் பத்தி நெனைக்காதே."

நான் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வாக்கியம் எதுவும் வாயில் வரவில்லை. வந்தது இதுதான்: "இல்ல மாப்பிள்ளை, நான் கேட்டது பாட்டைப் பத்தித்தான். படிப்பைப் பத்திக் கேக்கலை."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே மாமா. வேண்டாம்னா சாமி வாயைத் தொறந்தா சொல்லும்? இப்புடித்தானுங்க சொல்லும்."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் போட்டிருந்த நிபந்தனை ஒரு மனிதர் போட்ட நிபந்தனை. கெஞ்சினால், ஒரு வருடம் கழித்துப் பேசினால், மாறியிருக்கலாம். அதை எடுத்துப்போய்ச் சாமியின் கையில் கொடுத்தவன் நான். இனி யாரிடம் போய்ப் பேசுவது? பிருந்தா அதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

இனிப் போகிறவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சேலத்தில் இருந்து நேராக நாமக்கல்லுக்குப் பேருந்துகள் நிறைய உண்டு, ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். எங்களைப் போலச் சுற்ற வேண்டியதில்லை. சாப்பாட்டைக் கையில் கொண்டுபோங்கள், கல்லூரிப் பக்கம் ஒரு தேநீர்க் கடைதான் இருக்கிறது. ஆர்மோனியம் அவர்களே வைத்திருக்கிறார்கள். எத்தனை கட்டைச் சுருதியில் பாடுவீர்கள் என்பதை மட்டும் முன்பே சொல்ல வேண்டும்.

பாட்டைப் பற்றி: எல்லாரும் கொண்டுவரும் பாட்டைக் கொண்டுபோகாதீர்கள். ஒன்றுதான் கேட்டிருந்தாலும், அதற்கு நேர் எதிர்க் குணத்தில் இன்னொன்றைத் தயாராக வைத்திருங்கள். பெண் என்றால் பெண் வேடம்தான் என்று யாரும் அங்கே கேட்கவில்லை. தரகனாக இருந்தால் என்ன, ஆடாக இருந்தால் என்ன. எந்தப் பாட்டில் பிள்ளை தன்னை மறக்கிறதோ அந்தப் பாட்டு. அதைக் கண்டுபிடிக்கக் கட்டமும் வேண்டாம், கோயிலும் வேண்டாம். பேருந்து ஏறுவதற்கு முன்னால், உனக்கு எதைப் பாட ஆசை என்று அந்தப் பிள்ளையிடமே ஒரு வார்த்தை கேளுங்கள். இதை எழுதும் தகுதி எனக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

பார்மசி வகுப்பு தொடங்கிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை சங்ககிரிக்குப் போனேன். பிருந்தா புதிய புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னைக்கு உனக்கு எதைப் பாடணும்னு இருந்துச்சும்மா?" என்று கேட்டேன்.

"இப்ப எதுக்குங்க தாத்தா அது?" என்றாள்.

குத்திக்காட்டவில்லை. எதற்கு என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அட்டையை மடித்துப் பிடித்தபடி என் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு அடுத்த புத்தகத்தை எடுத்தாள்.